நாற்காலியோடு ஒரு தரம், நாற்காலி இல்லாமல் ஒரு தரம்

திங்கட்கிழமை முற்பகல், தந்தி ஆபீஸ் ஜன்னல் வழியாக என் அன்றைய செய்தியை நீட்டினேன். அதை வாங்க வேண்டிய தாமோதரன் நாயர் கையை நீட்டவில்லை. "பிள்ளைச்சாரே, அறிஞ்ஞில்லே? நம்முடெ ஸ்வாமி போயி" என்றார்.

எந்த ஸ்வாமி என்று நான் கேட்கவில்லை. உண்மைதானா என்று மட்டும் கேட்டேன், "நேராணு" என்றார். இந்த ஊர் நிருபர்கள் நடுவில் அடையாளம் சொல்லாமல் ஸ்வாமி என்றால் அது கரமனை அனந்தராமன் ஒருவர்தான். சென்னை இங்கிலீஷ் தினசரி ஒன்றின் திருவனந்தபுரம் நிருபர். நான் மதுரைத் தமிழ் தினசரிக்கு. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஜன்னலில் செய்தி கொடுத்தவர்கள்.

நான் தாழ்வாரத்துக்கு வந்து நின்றேன். சிறிது நேரத்தில் நாயர் தன் இடத்தை விட்டு எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நாயரே, ஸ்வாமி காரியம் நேராணோ?" என்று திரும்பவும் கேட்டேன். "நேராணு சாரே. ராவிலெ. மகன் வந்நு பறஞ்ஞதாணு" என்றார். காலையில்தான், மகனே வந்து சொல்லியிருக்கிறான். இரண்டு தரமும் பதில் ஒன்றாகவே இருந்தது. அதன் பிறகுதான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கரமனை பஸ்ஸைப் பிடிக்கப் போனேன். நான் ஏன் இரண்டு தரம் கேட்டேன் என்பது அவரை அறிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அறியாதவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்றில் குளித்துவிட்டு வந்து, ஈர வேட்டியைக் கொடியில் உலர்த்திவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அவர் வீட்டு மாமி சொன்னார். தெரு நிறைய ஆட்கள். தலைமைச் செயலகக் குமாஸ்தாக்கள் வேலை நேரத்தில் வந்து நின்றார்கள். விழிஞ்ஞத்திலிருந்து பாதிரியார் வந்திருந்தார். ஒதுங்கி நின்று, நான் போகும் நாளில் இதில் யார் யார் வருவார்கள் என்று மனத்துக்குள் பிரித்துப் பார்த்தேன். இறந்தவர் வாசலில் நின்று நினைக்கும் நினைப்பா அது என்று கேட்டால், எனக்கு அதுதான் வந்தது. அவர் உயிரோடிருந்தபோதும் அவரைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு முதலில் வந்தது அதுதான். இன்று ஒரு நாளைக்காக அதை மாற்றிச் சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

நாற்பத்தேழாம் ஆண்டின் கோடையில் நாகர்கோவிலை விட்டு இந்த ஊருக்கு வந்தேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா, தனியாக நிற்குமா என்று காப்பிக் கடைகளில் நாள் முழுவதும் பேச்சு. எங்கள் தந்திகள் இங்கிலீஷில்தான் போக வேண்டும். மதுரையில் அதைத் தமிழாக்குவார்கள். அந்த நாட்களில் என் தந்தி எதை எடுத்தாலும் 'அதாரிட்டேட்டிவ்' என்ற சொல் இருக்கும். அதாரிட்டேட்டிவ் வட்டாரம், அதாரிட்டேட்டிவாகத் தெரிகிறது, அதாரிட்டேட்டிவ் மறுப்பு. அதிகாரமும் நம்பிக்கையும் சேர்ந்த சொல் என்பதால் அதைப் போட்டால் செய்திக்கு முதுகெலும்பு வந்துவிடும் என்பது என் எண்ணம். எனக்கு மட்டும் இல்லை, ஜன்னலுக்கு வந்த எல்லோருக்கும் அப்படித்தான்.

அனந்தராமன் தன் செய்தியை மறைக்க மாட்டார். ஜன்னல் பலகையில் அப்படியே விரித்து வைத்து, கடைசி வரியைப் பென்சிலால் திருத்துவார். ஒரு வாரம் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் அவர் தந்தியில் ஓரிடத்தில்கூட இல்லை. பொறுக்காமல் கேட்டேன்.

"ஓய் பிள்ளைவாள், கோவில்லே உண்டியல் மேலே 'உண்டியல்'னு எழுதிருக்கு. சாமி மேலே 'சாமி'ன்னு எழுதிருக்கோ?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த வரியை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

சொற்களைப் பற்றிப் பேச அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் செயலகப் படியில் ரெவினியூ பிரிவைச் சேர்ந்த ஒருவர் தன் மேலதிகாரியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். "நம்ம சார் வளரே அதாரிட்டேட்டிவ் ஆணு ஸ்வாமி. ஒரு சத்தம் போட்டா செக்ஷன் முழுக்க விறைக்கும்" என்றார். அனந்தராமன் பொடி டப்பாவைத் தட்டினார்.

"சத்தம் போட்டு வெறைக்கறதுக்கு வேறே வார்த்தை உண்டு. அதட்டல்னு வெச்சுக்கோ. உத்தரவிலே கையெழுத்துப் போடறவன் சொன்னா அது அபிஷியல். அது சரியா இருக்கணும்னு அவசியமில்லே, சீல் இருந்தாப் போரும். இந்த வார்த்தை ரெண்டும் இல்லே. ஒருத்தன் சொல்லிட்டுப் போனப்பறம், வேற யார்கிட்டயாவது போய்க் கேக்கணும்னு உனக்குத் தோணலேன்னா, அப்ப அவன் சொன்னது அதாரிட்டேட்டிவ். அதை அவன் தீர்மானிக்க முடியாது. நீயாக்கும் தீர்மானிக்கறது."

"அப்ப என்றெ சார்?" என்றார் அவர்.

"உம்ம சார் சொன்னதும் நீர் பக்கத்து செக்ஷன்லே போய்க் கேக்கறீரோ இல்லையோ?"

அவர் படியிறங்கி நகர்ந்தார். எனக்கு ஞாபகமிருக்கிற வரையில் அந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. அதைச் சொன்னது நானாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அவருடைய வேலை முறை ஒன்றுதான். எதைக் கேட்டாலும் இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் அந்த மனிதர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது. இரண்டாவது தரம் அவர் எழுந்து வெளியே வந்த பிறகு, வேறோர் இடத்தில், முடிந்தால் மறுநாள். "நாற்காலியோட ஒரு தரம், நாற்காலி இல்லாம ஒரு தரம். ரெண்டும் ஒண்ணா வந்தா மனுஷன் சொல்றான். இல்லேன்னா நாற்காலி சொல்றது" என்பார். இதற்கு இந்த ஊர் வாகாக இருந்தது. எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தரானாலும் காலையில் பத்மநாபசுவாமி கோவிலுக்குள் மேல் சட்டை இல்லாமல் ஒற்றை முண்டோடுதான் போய் வர வேண்டும். டவாலி சேவகன் இல்லை, மேஜை இல்லை, மணி இல்லை. கிழக்கு நடைக்கு வெளியே அனந்தராமன் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். உத்தியோகஸ்தர்களுக்கும் இது தெரியும். சிலர் அவரைக் கண்டு வேறு வாசல் வழியாகப் போனார்கள். அதையும் ஒரு பதிலாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

இதனால் அவருக்குச் செய்தி தவறியதும் உண்டு. ஒரு நாள் தாமதம் என்பது எங்கள் தொழிலில் சிறிய விஷயம் இல்லை. சென்னையிலிருந்து அவருக்குக் கடுமையான தந்திகள் வரும். அவற்றையும் அதே பலகையில் விரித்து வைத்துவிட்டு எங்களையே வாசிக்கச் சொல்வார். திட்டு வாங்கியதில்கூட அவருக்கு ஒரு கம்பீரம் இருந்தது. எனக்கு வந்த திட்டுகளை நான் பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

விழிஞ்ஞத்தில் ஒரு வைகாசி மாதம் திடீர்க் காற்றில் சில வள்ளங்கள் கரை திரும்பவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். எல்லா வள்ளங்களும் வந்துவிட்டதாக அங்கிருந்த அதிகாரி சொன்னார். இரண்டு வரவில்லை என்று மாதா கோவிலை ஒட்டிய தன் வீட்டில் பாதிரியார் சொன்னார். அதிகாரி சொன்னதை நான் என் வழக்கமான சொல்லோடு தந்திக்கு எழுதிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அனந்தராமன் தங்கிவிட்டார். விடியற்காலையில் கடற்கரையில் பெண்களோடு நின்றிருந்த பாதிரியாரிடம் அதே கேள்வியைக் கேட்டார். "ஒன்று பூவாற்றில் கரை சேர்ந்ததாக ஆள் வந்திருக்கிறது. ஒன்று இன்னும் இல்லை" என்றார் பாதிரியார். அந்த ஒன்றில் இருந்தவர்கள் பெயர்களோடு அனந்தராமனின் செய்தி வந்தது. அந்த வள்ளம் திரும்பவே இல்லை. இதில் எனக்கு வலிப்பது என் செய்தி தப்பானது அல்ல. நிருபருக்கு அது நேரும். அதன் பிறகு நான் விழிஞ்ஞம் போகிற போதெல்லாம் கரையில் வலை காயப்போடுகிறவர்கள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்வாமி வந்நில்லே?"

இப்போது என் வீட்டுக்குள் வருகிறேன்.

இந்த ஆண்டு மாநிலங்கள் பிரிவதற்கு முன்னால், சென்னையோடு சேரவிருந்த தென் தாலுகாக்களில் பிறந்த சர்க்கார் குமாஸ்தாக்களையெல்லாம் அவர்கள் விருப்பம் கேட்காமலே சென்னை மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. என் மனைவியின் தம்பி ஆறுமுகம் செயலகத்தில் குமாஸ்தா. பிறந்தது அந்தத் தென் பக்கத்துத் தோவாளை. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. அவன் மனைவி இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவனை அனுப்பினால் அவள் வேலையை விட வேண்டும், அல்லது ஆளுக்கு ஓர் ஊரில் இருக்க வேண்டும். இரண்டு மாதமாக அவன் சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பான்.

இந்த மாற்றங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பெரிய உத்தியோகஸ்தரை ஒரு சாயங்காலம் அவர் அறையிலேயே பிடித்தேன். "ஆப்ஷன் உண்டு. எழுதிக்கோளூ" என்றார். இருப்பதும் போவதும் அவரவர் விருப்பம் என்று, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிற மனிதரே சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் எந்த அதிகாரம் வேண்டும்? நேரே தந்தி ஆபீஸ் போய் செய்தியைக் கொடுத்தேன். அதாரிட்டேட்டிவ் என்ற சொல்லைத் தலையிலேயே வைத்தேன். அனந்தராமன் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று படித்தார். "வெளியிலே வெச்சுக் கேட்டீரோ?" என்றார். "அவரு கையிலதானவே எல்லாம் இருக்கு? எதுக்கு ரெண்டு தரம்?" என்றேன். அவர் தன் தந்தியின் கடைசி வரிக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனேன்.

"ஏ ஆறுமுகம், கவலைய விடு. ஆப்ஷன் உண்டு. பெரியவரு வாயாலயே கேட்டுட்டு வாறேன்."

அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்தவுடன் கேட்டான்: "சாமி என்ன சொன்னாவ அத்தான்?"

"சாமி எதுக்குடே? நான் சொல்லுகேன்லா."

"நீங்க சொல்லுகது சரிதான் அத்தான். சாமியும் சொல்லிட்டாவன்னா நிம்மதியா உறங்கலாம்லா."

கீழே அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அவன் கேக்கதுல என்ன தப்பு? பாடுபடப் போறது அவன்தானே?"

மறுநாள் காலை நானே கிழக்கு நடைக்குப் போனேன். அனந்தராமன் குடையோடு நின்றிருந்தார். என்னைக் கண்டு வியக்கவில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த உத்தியோகஸ்தர் நெற்றியில் சந்தனமும் கையில் வாழையிலைப் பிரசாதமுமாக வெளியே வந்தார். அனந்தராமன் ஆப்ஷன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "நாகர்கோவில்காரா எல்லாம் வீடு ஒழிக்கணும்னு சொல்றாளே, உம்ம டைப்பிஸ்டும் போறானோ?" என்று கேட்டார்.

அவர் சிரித்துவிட்டார். "எந்தினு ஸ்வாமி? இஷ்டமுள்ளவர் போயா மதி. என்றெ டைப்பிஸ்ட் இவிடெத்தன்னெ இரிக்கும். அவன் எழுதிக் கொடுத்தாச்சு."

விருப்பமுள்ளவர்கள் போனால் போதும். நேற்று எனக்குச் சொன்ன அதே பதில். அந்தக் கிழக்கு நடையில் நான் குதிக்காததுதான் குறை.

பத்திரிகைகள் வந்தன. முதல் நாள் வந்த என் பத்திரிகையில் என் செய்தி நாலாம் பக்கத்து அடியில் கிடந்தது. என் சொல்லை மதுரையில் எடுத்துவிட்டு, 'என்று ஒரு சாராரிடையே பேசப்படுகிறது' என்று போட்டிருந்தார்கள். அடுத்த நாள் வந்த அவர் பத்திரிகையில் அதே செய்தி முதல் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஆறு வரி. ஓர் உரிச்சொல்கூட இல்லை. ஆறுமுகம் அதை மாடியிலிருந்து இறங்கி வரும்போதே உரக்க வாசித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கே போய், இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தான். சாயங்காலம் என் மனைவி பாயசம் வைத்தாள். ஒரு தூக்குவாளியில் ஊற்றி, கரமனைக்குக் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி என் கையிலேயே தந்தாள்.

கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாசலில் நின்று கேட்டேன்: "சாமி, ஒரு நாள் முந்திச் சொன்னது நான். சொன்னது சரியும்கூட. ஆமாவா இல்லையா?"

"ஆமா. முந்திச் சொன்னீர். சரியாவும் சொன்னீர்" என்றார். தூக்குவாளியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆனா பிள்ளைவாள், அது சரின்னு அன்னிக்கு உமக்கே தெரியாதே."

இதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கும் என்று அன்று பஸ்ஸில் வழி முழுவதும் தேடினேன். பல நாள் தேடினேன். அவர் இருக்கும்போதே கண்டுபிடித்து அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அந்த வாய்ப்பையும் அவர் வைத்துவிட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை கரமனையிலிருந்து குளித்துவிட்டு ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தேன். ஆபீஸ் வேலையாக அன்று வெளியூர் போயிருந்த ஆறுமுகம் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஆறுமுகம், சாமி போயிட்டாரு" என்றேன்.

"யாரு அத்தான் சொன்னா? எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவன், வாயைத் திறந்தபடியே நின்றான். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. பிறகு படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். அவளும் யாரிடமும் கேட்கப் போகவில்லை. நான் ஒரே ஒரு தரம் சொன்னதை அந்த வீடு நம்பியது. அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அது இந்தச் செய்திக்காக வந்திருக்க வேண்டாம்.

அவருடைய குடையை மகன் வைத்துக்கொண்டான். பொடி டப்பாவை நாயர் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது கேள்வி. நேற்று ஒரு செய்தியோடு ஜன்னலுக்குப் போனபோது, "சரியாணோ சாரே?" என்று நாயர் கேட்டார். "நாளைக்குச் சொல்லுகேன்" என்று காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் தந்தியில் அந்தப் பழைய சொல்லை நானே கோடு போட்டு அடித்திருந்தேன்.

இன்று காலை கிழக்கு நடைக்கு வெளியே போய் நின்றேன். அந்தச் செய்தியை எனக்குச் சொன்ன உத்தியோகஸ்தர் ஈர முண்டோடு வந்தார். நான் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஸ்வாமியுடெ பழக்கமல்லே?" என்றார். "நிங்ஙள் ஸ்வாமியுடெ ஆளாணோ?"

நாகர்கோவிலிலும் இங்கேயுமாக முப்பது வருஷமாக நிருபர் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்வாமியின் ஆளுக்குப் பதில் சொல்லத் தயாராக நின்றிருந்தார்.

"ஆமா" என்றேன். பதில் கிடைத்தது.